அதிபரின் ‘ஆதரவு சதவீதம்’: படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கருத்துக்கணிப்பில் அமெரிக்க அதிபருக்குப் போன மாதம் 46 சதவீத ஆதரவு, இந்த மாதம் 44 என்று வைத்துக்கொள்வோம். உடனே ‘செல்வாக்கு சரிந்தது’ என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். ஆயிரம் பேரைக் கேட்டு எடுக்கும் கணிப்பில் பிழை வரம்பே, அதாவது உண்மையான எண் இருபக்கமும் விலகியிருக்கக்கூடிய அளவே, கூட்டல் கழித்தல் 3 சதவீதப் புள்ளி. இரண்டு கணிப்புகளை ஒப்பிட்டால் அது 4 புள்ளிக்கும் மேலே போய்விடும். ஆக, அந்த 2 புள்ளியை வைத்துச் சரிவு என்றும் சொல்ல முடியாது, சரியவில்லை என்றும் சொல்ல முடியாது. இதைவிட மோசம், ‘இளைஞர்கள் கைவிட்டார்கள்’ வகைச் செய்தி. ஆயிரத்தில் இளைஞர்கள் நூறு பேர்தான் என்றால், அவர்களுக்கான பிழை வரம்பு சுமார் 10 புள்ளி!

அடுத்தது, ஆதரவை ஓட்டாக எண்ணிக்கொள்வது. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி, அதிபர் தன் வேலையைச் செய்யும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா என்பதுதான். யாருக்கு ஓட்டு என்பது வேறு கேள்வி; அதில் எதிரே நிற்பவரும் வந்துவிடுவார். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991-இல், மூத்த புஷ்ஷுக்கு 89 சதவீதம் கிடைத்தது. போர்க்காலத்தில் நாடே தலைவர் பின்னால் திரள்வது வழக்கம். அது அதிக நாள் நிற்காது. மறு ஆண்டே பொருளாதாரம் முன்னுக்கு வந்தது, 37 சதவீத ஓட்டோடு கிளின்டனிடம் தோற்றார். மகன் புஷ் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 90 சதவீதத்தைத் தொட்டார். 2008-இல் 25-க்கு இறங்கினார்.

‘லட்சக்கணக்கானோர் பங்கேற்ற கணிப்பு’ என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1936 அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளில் பெரும்பாலானவை தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் இருந்து எடுத்தவை. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் அதெல்லாம் யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாததற்கு, மெனக்கெட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களே அதிகம். அதைவிட மிகச் சிறிய மாதிரியை, அதாவது மிகக் குறைவானவர்களைக் கேட்டதை வைத்தே, காலப் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் காலப் ரூஸ்வெல்ட்தான் ஜெயிப்பார் என்று சரியாகக் கணித்தார். இணையதளங்களில் ‘க்ளிக் செய்து வாக்களியுங்கள்’ என்று வருவதும் இந்த ரகம்தான், விரும்பியவர் மட்டும் வந்து போடும் ஓட்டு.

அப்புறம், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு கோத்துப் போக்கு பார்க்காதீர்கள். ஒருவர் வயதுவந்த எல்லோரையும் கேட்கிறார், இன்னொருவர் பதிவுசெய்த வாக்காளரை மட்டும். ‘தெரியாது’ என்று சொல்ல ஒருவர் இடம் கொடுக்கிறார், மற்றவர் கொடுப்பதில்லை. அதே நிறுவனம் அதே கேள்வியைத் தொடர்ந்து கேட்டு, நாலைந்து மாதம் எண் ஒரே பக்கமாக நகர்ந்தால் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.