பேஸ் கிட்டார் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில், ஆசிரியர் யாரும் இல்லாமல், காணொளிகளைப் பார்த்து பேஸ் கிட்டார் பழகுபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களிடம் காணப்படும் தவறுகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே என்பது என் கருத்து. தாம் எழுப்பும் தாழ்ந்த ஒலி அவர்களுக்கே சரியாகக் கேட்பதில்லை. கேட்காத ஒலியை விரலால் திருத்த முடியாது.

நான்கு தந்தி பேஸில் மிகத் தடித்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதற்கடுத்த ஏ தந்தி 55 முறையும், டி தந்தி 73 முறையும், ஜி தந்தி 98 முறையும் அதிர்கின்றன. கைபேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள சிறிய ஸ்பீக்கர்களால் இந்த அடிப்படை அதிர்வுகளை ஏறக்குறைய எழுப்பவே முடியாது. ஆனாலும் பாட்டில் பேஸ் இருப்பது நமக்குத் தெரிகிறது என்றால், 82, 123, 164 என்று மேலே செல்லும் துணை அதிர்வுகளைக் கொண்டு மூளை அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது என்பதே காரணம். இந்த ஊகத்தில் எந்தச் சுரம் என்பது ஓரளவு பிடிபடும். அது எவ்வளவு நேரம் ஒலித்தது, எந்த இடத்தில் நின்றது என்பவை தெளிவாகப் பிடிபடா. ஆகவே கைபேசி ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு அதனுடன் சேர்ந்து பழகுவதை முதலில் கைவிட வேண்டும். காதை முழுவதும் மூடும் சாதாரண ஹெட்ஃபோன் ஒன்று போதும். ஆனால் அது கம்பியுள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் வழியே ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால், நீங்கள் மீட்டும் ஒலியை அதில் கேட்டுக்கொண்டு தாளத்தோடு ஒட்டி வாசிக்க இயலாது.

இதையொட்டிய இன்னொரு பழக்கமும் உண்டு. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் இணைக்காமலேயே மாதக்கணக்கில் பழகுகிறார்கள். இணைக்காத பேஸின் ஒலி மிகச் சிறியது. அது காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கை தன்னையறியாமல் ஓங்கி மீட்டப் பழகிவிடுகிறது. பிறகு ஆம்ப்பில் இணைத்தாலும் கை இறங்குவதில்லை. சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றையோ கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸையோ தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்வது, இன்னும் விலை உயர்ந்த கிட்டார் வாங்குவதைவிடப் பயன் தரும். வீட்டில் இருக்கும் சாதாரண கிட்டார் ஆம்ப்பைத் தாழ்ந்த ஒலியளவில் பயன்படுத்துவதில் கெடுதல் இல்லை. அதில் ஒலியைக் கூட்டினால்தான், அவ்வளவு பெரிய அசைவுக்கென்று செய்யப்படாத ஸ்பீக்கர் கிழிந்துபோக வாய்ப்பு உண்டு.

ஓங்கி மீட்டுவதால் என்ன கெடுகிறது என்பதைச் சுருதி காட்டும் ட்யூனரை வைத்து நீங்களே பார்த்துவிடலாம். ஈ தந்தியை மென்மையாக மீட்டிச் சுருதி சேர்த்துவிட்டு, அதே தந்தியை ஓங்கி மீட்டுங்கள். முள் முதலில் சுருதிக்கு மேலே ஏறி, பின்புதான் மெல்ல இறங்கி நிலைகொள்ளும். தந்தி அகலமாக வீசும்போது இழுவிசை கூடிச் சுரம் உயர்கிறது. கூடவே தந்தி, கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்களில் மோதிக் கடகடக்கிறது. ஒலியளவைக் கூட்டுவது ஆம்ப்பின் வேலை. விரல் தந்தியைக் கடந்து சென்று அடுத்த தந்தியின் மேல் இளைப்பாறும்படி, சீரான விசையோடு மீட்டினால் போதும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி வர வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நல்ல பழக்கமே. ஆயினும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றைக் கொண்டே பெரும்பாலும் வாசித்தார். எத்தனை விரல் என்பதைவிட ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் விழுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும்.

மீட்டக் கற்றுக்கொள்கிற அளவுக்குத் தந்தியை அடக்கக் கற்றுக்கொள்ளாதது, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய குறை. பேஸில் ஒரு தந்தியைத் தொட்டால் தொடாத தந்திகளும் சேர்ந்து அதிரும். ஜி தந்தியில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழே ஈ தந்தி முனகிக்கொண்டே இருக்கும். ஹெட்ஃபோன் இல்லாதவருக்கு அது தெரியாது, ஒலிப்பதிவில் மட்டும் எல்லாம் குழம்பிக் கேட்கும். வலக்கைக் கட்டைவிரலை எப்போதும், தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்பின் மீதே ஊன்றி வைத்திருப்பதால் வரும் சிக்கல் இது. ஏ தந்தியை மீட்டும்போது கட்டைவிரல் ஈ தந்தியின் மேல் படிந்திருக்க வேண்டும். டி தந்திக்குப் போகும்போது அது ஏ தந்திக்கு நகர்ந்து, தன் பக்கவாட்டால் ஈ தந்தியையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மெல்லிய தந்திகளை இடக்கை விரல்களின் அடிப்பகுதி மெதுவாகத் தொட்டு அடக்கும். இது கைவந்துவிட்டதா என்று அறிய, நான்கு தந்திகளிலும் ஏறி இறங்கும் எளிய வரிசை ஒன்றைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டே வாசித்து, நடுவில் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு பதிவில் ஏதாவது ஒலித்துக்கொண்டிருந்தால், அதுதான் நீங்கள் வாசித்த ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் இருந்த அழுக்கு.

அடக்கத் தெரிந்தவருக்கே சுரத்தின் நீளத்தை ஆளும் திறன் வருகிறது. ஏ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் உள்ள சி சுரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு அடி கொண்ட தாளத்தில் முதல் அடியில் அதை மீட்டி, இரண்டாம் அடியில் டிரம்ஸின் கூர்மையான ஒலி தரும் ஸ்னேர் டிரம் விழும் கணத்தில் நிறுத்துங்கள். அடுத்த முறை அதே சுரத்தை நான்கு அடிகளுக்கும் ஒலிக்க விடுங்கள். சுரமும் இடமும் வேகமும் மாறவில்லை. முதல் முறையில் பாட்டு துள்ளுகிறது, இரண்டாம் முறையில் மிதக்கிறது. நிறுத்துவதற்கு இடக்கை விரலைத் தந்தியிலிருந்து முழுவதும் எடுத்துவிடக் கூடாது. ஃபிரெட்டிலிருந்து தளர்த்தித் தந்தியைத் தொட்டபடியே வைத்திருந்தால் ஒலி அடங்கிவிடும். சுரம் தொடங்கும் இடத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு, முடியும் இடத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடுபவர்களே அதிகம். சுரங்களுக்குப் பதில் ஃபிரெட் எண்களைக் காட்டும் டேப் எழுத்தைப் பார்த்துப் பழகுபவர்களுக்கு இந்தக் குறை இன்னும் கூடுதலாக இருக்கும், ஏனெனில் எந்த ஃபிரெட்டில் விரல் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் இணையத்து டேப்கள் பெரும்பாலும் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஒவ்வோர் அடிக்கும் தட்டவிட்டு அதன் பின்னாலேயே ஓடுவதும் நல்லதன்று. நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் வாசிக்க வேண்டுமானால் மெட்ரோனோமை 40-இல் வைத்து, அதன் தட்டுகளை இரண்டாம், நான்காம் அடிகளாக எண்ணிக்கொண்டு வாசியுங்கள். தட்டு விழாத அடிகளை உங்கள் மனமே தாங்க வேண்டியிருக்கும். அடிகளுக்கு இடையிலான இடைவெளியை நிரப்ப நமக்குச் சொற்கட்டு இருக்கிறது. அடியை நான்காகப் பிரிக்கத் ‘தகதிமி’ என்றும் மூன்றாகப் பிரிக்கத் ‘தகிட’ என்றும் வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பவர், எண்களை எண்ணுபவரைவிட விரைவில் நிதானம் பெறுவார்.

இடக்கையில், கிட்டாரில் கற்ற விதியை அப்படியே பேஸுக்குக் கொண்டுவருவதால் வலி வருகிறது. வழக்கமான பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். அதன் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை ஏறத்தாழ 13 செ.மீ. தூரம், 25.5 அங்குலக் கிட்டாரிலோ அது 10 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று இந்தத் தாழ்ந்த பகுதியில் கையை விரிப்பவர்களின் மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் நெக்கை நெரிக்கத் தொடங்கும். வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான டபுள் பேஸ் வாசிப்பவர்கள் வெகுகாலமாக ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றை மட்டும் கொண்டு, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக வைத்து வாசித்துவருகிறார்கள். ஐந்தாம் ஃபிரெட் வரை அந்த முறையே நமக்கும் ஏற்றது. ஸ்ட்ராப்பின் நீளத்தையும் உட்கார்ந்தாலும் நின்றாலும் கிட்டார் ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் மரமரப்போ வலியோ தோன்றினால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிடுங்கள். பொறுத்துக்கொண்டு வாசித்தால் பழகிவிடும் என்ற அறிவுரை ஆபத்தானது.

வாங்கும்போது ஐந்து தந்தி பேஸைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதன் தாழ்ந்த பி தந்தி நொடிக்கு 31 முறைதான் அதிர்கிறது என்பதையும், அடக்க வேண்டிய தந்தி ஒன்று கூடுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறிய கை உடையவர்கள் 30 அங்குல பேஸை வாங்கத் தயங்கவே வேண்டியதில்லை. பால் மெக்கார்ட்னி புகழ்பெறச் செய்த வயலின் வடிவ ஹோஃப்னர் அந்த அளவுடையதுதான்.

வாங்கிய கருவியைச் சீரமைக்காமல் வாசிப்பது இதைவிடப் பெரிய தவறு. சென்னை போன்ற கடலோர ஊர்களில், மழைக்காலத்து ஈரத்துக்கும் ஏசி அறையின் வறட்சிக்கும் இடையே மரத்தாலான நெக் அசைந்துகொண்டே இருக்கிறது. முந்தைய வாரம் தெளிவாக ஒலித்த ஃபிரெட் இந்த வாரம் இரைந்தால், உங்கள் விரலைக் குறை சொல்லும் முன் நெக்கைப் பாருங்கள். ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் அல்லது எட்டாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது ஏறத்தாழ 0.3 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நெக் முற்றிலும் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. துணிவில்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தால் வியர்வையின் உப்பு தங்காது.

வீட்டில் அமைத்த டோனை, அதாவது ஒலியின் தன்மையை, அப்படியே அரங்குக்குக் கொண்டுபோவதும் பரவலாக நடக்கிறது. ஒலியளவு குறையும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். எனவே வீட்டில் தாழ்ந்த ஒலியளவில் பழகுபவர் பேஸ் குமிழைத் தூக்கி, நடுப்பகுதியைக் குறைத்து, தனியாகக் கேட்க இனிமையான ஒரு டோனை அமைத்துக்கொள்கிறார். அரங்கில் ஒலியளவு கூடியதும் அதே அமைப்பு கூடம் முழுவதும் இரைகிறது. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்துகொண்டதும் எந்தச் சுரம் என்றே தெரியாமல் போகிறது. கூட்டத்தில் பேஸின் சுரத்தை அடையாளம் காட்டுவது நடுப்பகுதிதான். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்கி, குழுவோடு வாசித்துப் பார்த்த பிறகே எதையும் மாற்றுங்கள்.

ரசிகராக இருப்பதிலும் கவனக் குறைவு உண்டு. ஜாக்கோ பாஸ்டோரியஸ் போன்ற மேதைகளின் தனி வாசிப்பையும் கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் வேகமான ஸ்லாப் காணொளிகளையும் மட்டுமே கேட்பவருக்கு, ஒரு பாட்டைத் தாங்கும் பேஸ் எப்படி அமைகிறது என்பது விளங்குவதில்லை. தமிழருக்கு அந்தப் பாடம் வீட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தாமே மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதிக்கொடுக்கும் இளையராஜாவின் பாடல்களில், பேஸ் பெரும்பாலும் கார்ட் எனும் சுரத் தொகுதியின் மூலச் சுரத்தோடு நின்றுவிடாமல், பாடுபவரின் மெட்டுக்கு எதிர்த்திசையில் நடந்து இன்னொரு மெட்டாகவே ஒலிக்கும். அவருடைய குழுவில் வாசித்த சசிதரனையும், ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் பேஸ் பழகும் ஒவ்வொருவரும் பாட்டின் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்டதும் கிட்டாரை எடுத்துவிடாமல், முதலில் அந்த வரியை வாயால் பாடிப் பாருங்கள். பாட முடியாத வரியை விரல் தேடினால் கிடைப்பது ஃபிரெட் எண்கள் மட்டுமே. அந்த அழகைக் கேட்டுவிட்டு, மூலச் சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் உறுதியாக வாசிக்கும் முன்பே அலங்காரங்களில் இறங்குவதும் கூடாது. ச, ப இரண்டையும் மட்டும் கொண்டு ஒரு முழுப் பாட்டை டிரம்ஸோடு ஒட்டி வாசிக்க முடிந்த பிறகு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குழுவோடு சேர்ந்து வாசிக்கும் நாளில் கண்ணும் காதும், காலால் மிதித்து ஒலிக்கும் கிக் டிரம்மின் மேல் இருக்கட்டும். அதற்குரிய காதைக் காப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நையாஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலை எட்டும் ஒத்திகை அறைக்கு அந்தக் கணக்கு 15 நிமிடம்தான். சாதாரணப் பஞ்சு அடைப்பான்கள் உயர்ந்த ஒலிகளை அதிகமாக வெட்டி எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடுவதால், எல்லா அதிர்வுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்பட்ட அடைப்பான்களை வாங்கி, முதல் பாட்டுக்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள்.