பழைய போலராய்டை மறுபடி படம் எடுக்க வைப்பது எப்படி

பழைய போலராய்டு கேமரா ஒன்று கைக்கு வந்தால் நம் கண் முதலில் லென்ஸுக்குப் போகும், அப்புறம் தோல் உறைக்கு. நான் முதலில் திறந்து பார்ப்பது ஃபிலிம் வைக்கும் கதவை. அதற்குள் எந்த ஃபிலிம் போகும் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கேமரா இனிப் படம் எடுக்குமா, அலமாரியில் அழகுக்கு நிற்குமா என்று சொல்ல முடியும். அதனால் கேமராவை வாங்கிவிட்டு ஃபிலிமைத் தேடி அலையாதீர்கள். ஃபிலிமை உறுதி செய்துகொண்டு கேமராவுக்கு வாருங்கள்.

முதல் முறையாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே வகை: 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70, 1981இல் தொடங்கிய 600 வரிசை. இரண்டுக்கும் இன்றைக்கும் புது ஃபிலிம் வருகிறது. அது வருவதே பெரிய விஷயம். 2008இல் போலராய்டு நிறுவனம் உடனடி ஃபிலிமைக் கைவிட்டபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களை ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மன் முதலானவர்கள் வாங்கிக் காப்பாற்றினார்கள். பழைய ஃபிலிமுக்கான ரசாயனங்கள் பல சந்தையில் இல்லாமல் போயிருந்தன. இருந்தும் 2010இல் முதல் ஃபிலிம் வந்துவிட்டது. இம்பாசிபிள் ப்ராஜெக்ட் என்று தொடங்கிய அந்த முயற்சியே பின்னால் போலராய்டு என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது.

பெட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐ-டைப் என்று போட்டிருக்கும் ஃபிலிம் 2016 முதல் வந்த புதுக் கேமராக்களுக்கானது. அதில் பேட்டரி கிடையாது. பழைய கேமராக்களுக்கு மின்சாரமே ஃபிலிம் பெட்டிக்குள் இருக்கும் தட்டைப் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. ஐ-டைப்பை 600 கேமராவில் போட்டால் ஒரு சத்தமும் வராது.

போலராய்டின் இன்னொரு வரிசையான ஸ்பெக்ட்ரா வகைக்கு ஃபிலிம் 2019இல் நின்றுவிட்டது. கோடக்கின் உடனடிக் கேமராக்கள், போலராய்டு தொடுத்த காப்புரிமை வழக்கால் 1986இல் கடையை விட்டே போய்விட்டன, அவற்றுக்கு இனி வழியில்லை. படத்தைக் கையால் இழுத்து உரித்துப் பார்க்கும் பேக் ஃபிலிம் போடும் லேண்ட் கேமராக்கள் தனிக் கதை. என் மனம் கிடப்பது அங்கேதான் என்பதால் பின்னால் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கும் முன் சோதனை

எந்தக் கேமராவைப் பார்க்கப் போனாலும் என் பையில் ஒரு காலி 600 பெட்டி இருக்கும். படங்கள் தீர்ந்த பிறகும் அதன் பேட்டரியில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். அதைக் கேமராவுக்குள் தள்ளிக் கதவை மூடுங்கள். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் கேமராவுக்கு உயிர் இருக்கிறது. எஸ்எக்ஸ்-70இல் இந்தப் பெட்டி அப்படியே நுழையாது. அடியில் இருக்கும் சிறு மேடுகள் தடுக்கும். ஒரு மெல்லிய அட்டையை அடியில் வைத்து அதன் மேல் வழுக்க விட்டால் போய்விடும்.

அடுத்தது ரோலர்கள். கதவைத் திறந்தால் வாயிலேயே இரண்டு உருளைகள் தெரியும். படத்தின் அடிப்பகுதியில் இருக்கும் ரசாயனப் பொதியை உடைத்து, பசையைச் சீராகப் பரப்புவது அவைதான். எப்போதோ கசிந்து காய்ந்த பசை அவற்றில் ஒட்டியிருந்தால் படத்தில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் வரிசையாக விழும். மெல்லிய துணியை லேசாக நனைத்து, ரோலரை விரலால் திருப்பித் திருப்பித் துடையுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். நகத்தாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டாம், கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு படத்திலும் தெரியும். ஒவ்வொரு புதுப் பெட்டி போடும்போதும் நான் ரோலரைத் துடைக்கிறேன்.

எஸ்எக்ஸ்-70 மடங்கும் கேமரா. அதன் கறுப்பு ரப்பர் துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று இருட்டறையில் உள்ளே சின்ன டார்ச் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் படத்தில் கோடு விழும். வெளித்தோல் உரிந்திருந்தால் கவலை வேண்டாம், வெட்டி ஒட்டப் புதுத் தோல் கிடைக்கிறது. துருத்தி சரியாக இருந்து தோல் கிழிந்த கேமராவைத் தயங்காமல் எடுங்கள்.

வெளிச்சமும் சூடும்

600 ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஐஎஸ்ஓ 640. எஸ்எக்ஸ்-70 ஃபிலிம் 160தான், அதாவது நான்கில் ஒரு பங்கு. எனவே எஸ்எக்ஸ்-70க்கு அதன் சொந்த ஃபிலிமையே வாங்குங்கள். 600தான் கையில் இருக்கிறது என்றால் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறைக்கும் சாம்பல் நிற என்டி ஃபில்டர் ஒன்றை லென்ஸ் மேலோ, ஃபிலிம் பெட்டியின் மேலோ வையுங்கள். இல்லையென்றால் படம் வெளிறித்தான் வரும்.

இன்றைய பெட்டியில் எட்டுப் படங்கள். பழைய கேமராவின் எண்ணி பத்திலிருந்துதான் இறங்கும், ஏனென்றால் அந்தக் காலப் பெட்டியில் பத்து இருந்தன. எண்ணி 2 காட்டும்போது உங்கள் ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று மனதில் வையுங்கள்.

படம் வெளியே வந்த உடனே வெளிச்சம் படாமல் மறையுங்கள். காரணம் சொன்னால் நீங்கள் மறக்க மாட்டீர்கள். பசையில் சாயம் ஒன்று இருக்கிறது. பசை காரமாக இருக்கும்வரை அது கறுத்து நின்று அடியிலிருக்கும் ஒளியுணர் அடுக்குக்குக் குடை பிடிக்கும். உள்ளேயே ஓர் அமில அடுக்கும் உண்டு. அது காரத்தை மெல்ல முறிக்கும்போது சாயம் நிறமிழக்கிறது, படம் எழுந்து வருகிறது. போலராய்டை நிறுவிய எட்வின் லேண்டின் குழு கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஒரு வெள்ளைச் சட்டத்துக்குள் இருட்டறையையே வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய ஃபிலிமில் அந்தக் குடை முழுதாக விரியச் சில நொடிகள் ஆகின்றன. வாயில் சுருள் திரை பொருத்திய கேமரா என்றால் படத்தை அதனடியிலேயே ஐந்தாறு நொடி விட்டு, பிறகு கவிழ்த்து வையுங்கள். வண்ணப் படத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், கறுப்பு வெள்ளைக்கு அதில் பாதி.

உதறாதீர்கள், வளைக்காதீர்கள். அடுக்குகள் பிரிந்து காற்றுக் குமிழ் விழும்.

சூடும் குளிரும் நிறத்தையே மாற்றிவிடும். 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஃபிலிமுக்கு வசதியான இடம். அதற்குக் கீழே போனால் படம் நீலமும் மங்கலுமாக வரும், மேலே போனால் மஞ்சள் அல்லது சிவப்பு ஏறும். குளிரில் படத்தைச் சட்டையின் உள்பையில் வைத்து உடல் சூட்டில் எழ விடுங்கள். வெயிலில் நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடமாகப் பாருங்கள். திறக்காத பெட்டிகள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃபிரீசரில் மட்டும் வேண்டவே வேண்டாம், பசை உறைந்து கெடும். எடுக்கும் முன் ஒரு மணி நேரமாவது வெளியே வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இந்த ஃபிலிம் கண்டிப்பானது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் அது தாங்குகிற இடைவெளி குறைவு. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். 600 கேமராவில் வீட்டுக்குள் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்காதீர்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு வெளிச்சக் கட்டையை ஒரு கோடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்துங்கள்.

நின்றுபோன பேக் ஃபிலிம்

பேக் ஃபிலிமுக்கான முதல் கேமரா, ஆட்டோமேட்டிக் 100, 1963இல் வந்தது. இழுத்து, காத்திருந்து, உரித்துப் பார்க்கும் படம். போலராய்டு தன் ஃபிலிமை 2008இல் நிறுத்தியபின் ஃபியூஜி மட்டும் தொடர்ந்தது. கறுப்பு வெள்ளை எஃப்பி-3000பி 2013இல் போயிற்று. 2016இல் வண்ண எஃப்பி-100சி நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். இப்போது கையில் கிடைப்பது எல்லாமே காலாவதியானது. வியன்னாவில் ஒன் இன்ஸ்டன்ட் என்று ஒற்றை ஒற்றைப் படமாகக் கையால் செய்து விற்றார்கள், அந்த உழைப்புக்கு என் வணக்கம்.

காலாவதி ஃபிலிம் வாங்கும்போது தேதியைவிட முக்கியம் அது எங்கே கிடந்தது என்பது. ஃபிரிட்ஜிலேயே இருந்ததா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் ஃபாயில் உறை பிரிந்திருந்தால் வேண்டாம். போலராய்டின் பழைய பெட்டிகளைவிட ஃபியூஜியுடையதைத்தான் நான் நம்புவேன். போலராய்டு பொதிகளில் பசை காய்ந்து போயிருக்கும், இழுத்தால் எதுவும் பரவாது. ஃபியூஜியில் பசை தாக்குப்பிடிக்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம் சாயும்.

நான் வைத்திருப்பது மாடல் 250. இந்த வகையின் பேட்டரிகள் இன்று எளிதில் கிடைக்காது. சில மாடல்களுக்கு 4.5 வோல்ட், சிலவற்றுக்கு 3 வோல்ட். மூன்று அல்லது இரண்டு ஏஏஏ பேட்டரிகளைச் சின்னத் தாங்கியில் போட்டு, வயரைப் பழைய இணைப்பில் பற்றவைத்தால் வேலை முடிந்தது. பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகரில் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து வைத்து ஷட்டரைச் சோதியுங்கள். வெளிச்சத்தை அளக்கும் மின்கண்ணைக் கையால் மூடி ஷட்டரை அழுத்தினால் முதல் க்ளிக்குக்கும் இரண்டாவது க்ளிக்குக்கும் நடுவே நல்ல இடைவெளி வர வேண்டும். வெளிச்சத்தில் இரண்டும் ஒட்டி வரும். மூடினாலும் ஒட்டியே வந்தால் பேட்டரி இணைப்பைப் பாருங்கள்.

எஃப்பி-100சிக்கு வேகத்தை 75இல் வைத்து, கருமைப் பக்கம் ஒரு துளி திருப்புங்கள். பெட்டியைப் போட்டதும் கறுப்புக் காகிதத்தை இழுத்து எறியுங்கள். படம் எடுத்த பின் முதலில் வெள்ளைத் தாள், அப்புறம் மஞ்சள் தாள். மஞ்சள் தாள்தான் படத்தை ரோலர் வழியே இழுத்து வருகிறது. சாய்க்காமல், நடுவில் நிறுத்தாமல், ஒரே வேகத்தில் இழுங்கள். வேகம் தடுமாறினால் அங்கே ஒரு பட்டை விழும். சாய்ந்தால் ஒரு மூலையில் பசை எட்டாது. ஃபியூஜியின் பிளாஸ்டிக் பெட்டி பழைய கேமராக்களுக்குச் சற்று இறுக்கம், முதல் ஒன்றிரண்டு படம் கடினமாகத்தான் வரும். தாள் கிழிந்துவிட்டால் பகலில் கதவைத் திறக்காதீர்கள், முழு இருட்டில் திறந்து சரிசெய்யுங்கள்.

25 டிகிரியில் இரண்டு நிமிடம் பொறுத்து உரியுங்கள். கொஞ்சம் கூடுதலானாலும் கெடாது. குளிர்காலத்துக்கென்று போலராய்டு இரண்டு அலுமினியத் தகடுகள் கொண்ட கிளிப் ஒன்றைக் கொடுத்தது. அதை உடம்போடு வைத்துச் சூடாக்கி, இழுத்த படத்தை நடுவில் செருகி வைப்பார்கள். பழைய கேமராப் பையில் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், இன்றும் பயன்படும்.

உரித்த பின் மிஞ்சும் ஈரத் தாளைத் தொட்டால் கையை உடனே கழுவுங்கள், அந்தப் பசை தோலை அரிக்கும் காரம். குழந்தைகளும் நாய் பூனையும் எட்டாத உறையில் போட்டு எடுத்து வாருங்கள். எஃப்பி-100சி என்றால் அந்தத் தாளை எறியவும் வேண்டாம். காய்ந்ததும் பட முகம் கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்து, ஓரங்களை நீர் புகாமல் டேப்பால் அடைத்து, முதுகுப்புறக் கறுப்பைப் பிளீச்சால் கரைத்துக் கழுவினால் ஸ்கேன் செய்யக்கூடிய நெகட்டிவ் கிடைக்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அச்சுப் படத்தில் காணாத நுணுக்கம் அதில் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த ஃபிலிமை இன்னும் தேடுகிறேன்.

எஸ்எக்ஸ்-70, 600 படங்களைச் சில வாரம் காற்றாட விட்டு, பிறகு ஆல்பத்தில் வையுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே மூடினால் நிறம் மாறும். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். பேக் ஃபிலிம் கேமராவைக் கொஞ்ச நாள் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, துருத்தியை மடித்து, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.