மாரியில் வெடித்த பைப்

கார்த்திகை மழையில் மண் ஊறி இளகியிருந்த நேரம். உழவு இயந்திரம் ஏறியதில், கிணற்றிலிருந்து தாங்கிக்குப் போகும் ஓரங்குல பிவிசி பைப் வெடித்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் மாரியில் இது அடிக்கடி நடக்கும்.

முதலில் மோட்டரை நிறுத்தி, தாங்கியடி வால்வைப் பூட்டினேன். ரியூப் துண்டு சுற்றிக் கட்டுவது அவசரத்துக்கு மட்டும்தான், அதை நம்பியிருக்க வேண்டாம்.

வெடித்த துண்டை அறுத்து எடுத்தேன். இதில் பெரிய பாடு காயவைப்பதுதான். ஈரத்தில் பைப் ஒட்டும் கம் சரியாகப் பிடிக்காது. மேலே தறப்பாள் கட்டி, கிடங்கில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே, பைப்புக்குள் வடிவதையும் துணியால் ஒற்றி எடுத்தேன். மண்ணை நீளமாக வெட்டி பைப் வளைய இடம் விட்டால்தான் புதுத் துண்டை இணைக்கும் இரண்டு பக்க சொக்கெட்டும் ஏறும். நுனியைச் சாண்ட் பேப்பரால் உரசி, கம் பூசி, கால் சுற்றுத் திருப்பி அழுத்தி, அசையாமல் பிடித்திருந்தேன். மோட்டர் போட்டது மறுநாள்தான்.

வண்டி ஏறும் இடத்தில் இப்போது இரண்டடி ஆழத்தில், பெரிய குழாய்க்குள் விட்டுப் புதைத்திருக்கிறேன். வெளியே தெரியும் பைப்புக்கு வெள்ளை எமல்ஷன் பெயின்ட் பூசுங்கள். வெயில் பட்டுப் பட்டு பிவிசி உக்கிவிடும், பிறகு சின்னத் தட்டுக்கே வெடிக்கும்.