பெயர், டிவிஷன், லயம்: மூன்றையும் ஒரே வரியில் சேர்க்க

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மரண உதவிச் சங்கத்துக்கு உறுப்பினர் முகவரிகளை எடுத்துக் கொடுத்தேன். தரவுத்தளத்தில் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), லய இலக்கம் (தொழிலாளர் வரிசை வீட்டின் எண்) எல்லாம் தனித்தனிப் புலங்கள். கடித உறைக்கு அவை ஒரே வரியில் வேண்டும்.

எக்செலில் தரவை எடுத்து ஒழுங்குபடுத்தும் பகுதியான பவர் குவெரியில் & குறியால் இணைத்தால் இரண்டு சிக்கல் வரும். லய இலக்கம் எண்ணாக இருந்தால் பிழை காட்டும். ஒரு புலம் வெறுமையாக இருந்தாலோ அந்த ஆளின் முழு முகவரியுமே வெறுமையாகிவிடும். இது கண்ணில் படாது, அதனால்தான் எனக்குப் பயம். லயம் தெரியாவிட்டாலும் பெயரும் டிவிஷனுமாவது உறையில் இருக்க வேண்டுமே!

அதற்கு 'எட் கொலம்' பகுதியில் உள்ள 'மேர்ஜ் கொலம்ஸ்' நல்லது. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி, முகவரியில் வரவேண்டிய அதே வரிசையில் புலங்களைத் தெரிவுசெய்யுங்கள். பிரிப்பானாகக் கொமாவும் ஓர் இடைவெளியும் கொடுங்கள். எண்ணை அதுவே எழுத்தாக மாற்றும், வெறும் புலத்தைத் தாண்டிப் போகும். 'டிரான்ஸ்ஃபோர்ம்' பகுதியிலும் இதே பெயரில் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் பழைய புலங்கள் போய்விடும், கவனம்.

அப்புறம் புதிய உறுப்பினர் சேர்ந்தால் 'ரிஃப்ரெஷ்' கொடுத்தால் சரி, அவர் முகவரியும் சேர்ந்து வரும்.