நீச்சல் பழகுற பிள்ளைகளுக்கு தரைப் பயிற்சி: எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் குளத்துல பிள்ளைய சேர்த்துவிட்ட அப்பா அம்மா நிறையப் பேரு கேக்குறது, இன்னும் ரெண்டு லேப் (குளத்தோட ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு நீந்துறது) கூட அடிச்சா வேகம் வந்துருமாங்கறதுதான். அது மட்டும் போதாதுங்க. குளத்துச் சுவத்த காலால தள்ளுற பலம், தோள், கணுக்கால் வளையுறது, கையும் காலும் சேர்ந்து வேலை செய்யுறது, இதெல்லாம் தரையிலயும் வளக்கணும். வாரத்துல ரெண்டு நாள் இருபது நிமிஷம், குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி பண்ணுங்க, களைச்சுப்போனப்புறம் தாவ விடாதீங்க.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. நின்ன இடத்துல இருந்து ரெண்டு காலையும் சேத்துத் தாவுற தூரம், பிளாங்க் (முழங்கையும் கால் விரலும் மட்டும் தரையில ஊனி உடம்ப நேரா வச்சு நிக்குறது) எத்தனை செகண்ட், 25 மீட்டர் நேரம், அந்த 25 மீட்டருக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கை வீச்சு), எல்லாம் எழுதிருங்க. கடைசி கணக்க விட்டுறாதீங்க, ஏன்னா ஸ்ட்ரோக் கூடியும் நேரம் குறையலைன்னா பிள்ளை தண்ணியப் பிடிக்காம சும்மா வழிச்சு விடுதுன்னு அர்த்தம்.

அடுத்து வார்ம் அப், ஸ்கிப்பிங்கும் கை சுத்துறதும் அஞ்சு நிமிஷம்.

அப்புறம் ஸ்குவாட் ஜம்ப் (முட்டிய மடக்கி உக்காந்து மேல தாவுறது), எட்டெட்டா ரெண்டு தடவை. இறங்கும்போது சத்தம் வரக்கூடாது, முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. டைவுக்கும் டர்ன்ல, அதாவது குளத்து முனையில திரும்பும்போது, சுவத்த உதைக்கவும் இந்த பலம்தான். அதுக்கப்புறம் பிளாங்க், லேசான ரப்பர் பேண்டை வச்சு தோளை வெளிப்பக்கமா திருப்புறது, கடைசியா குதிகால் மேல உக்காந்து கணுக்கால நீட்டுறது. கணுக்கால் நீளலைன்னா எவ்வளவு கிக் அடிச்சாலும் உடம்பு அவ்வளவா முன்னாடி போகாது.

வெயிட் தூக்குனா வளர்த்தி நின்னுரும்னு நம்ம ஊர்ல இன்னும் சொல்றாங்க, அது தப்பு, சரியான ஆள் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தா ஆபத்து இல்ல. ஆனா ஆரம்பத்துல சொந்த உடம்பு எடையே போதும். வயசுக்கு வராத பிள்ளைகளுக்கு பலம் கூடுறது பெரும்பாலும் நரம்பு தசைய நல்லா வேலை வாங்கக் கத்துக்குறதாலதான், அதனால கை பருக்கலையேன்னு பாக்காதீங்க, நோட்ட பாருங்க.

இன்னொண்ணு, பதினொண்ணுல இருந்து பதினாலு வயசுக்குள்ள திடீர்னு வளரும்போது கை கால் நீளம் மாறி, நல்லா இருந்த ஸ்ட்ரோக் கூட கொஞ்ச நாளைக்குக் கோணலாப் போகும். அப்ப பிள்ளைய திட்டாதீங்க, பாவம். தூரத்தக் குறைச்சு மெதுவா டிரில் (ஸ்ட்ரோக்க பகுதி பகுதியாப் பிரிச்சுப் பழகுறது) பண்ண வைங்க. மேலூர், உசிலம்பட்டி பக்கம் கெணத்துல குதிச்சுப் பழகுன பிள்ளைகளுக்கு பயம் இருக்காது, தலைய தூக்கிட்டே நீந்துற பழக்கத்த மாத்துறதுதான் அவங்களுக்கு முதல் வேலை.

எட்டு வாரம் கழிச்சு அதே நேரத்துல, அதே குளத்துல திரும்ப அளங்க. நடுவுல தோள் வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா அன்னிக்கே நிறுத்திட்டு கோச்சுகிட்ட சொல்லுங்க, ரெண்டு மூணு நாள்ல குறையலைன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க.