பார்த்துக்கலாம் சார்

அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் அதிகம் காதில் விழும் பதில் இதுதான். வேளச்சேரிப் பக்கம் ஏதோ ஒரு ஸ்டில்ட் பார்க்கிங்கில், அக்டோபர் முதல் வாரத்தில் ஏழெட்டு பேர் உட்கார்ந்து, மழைக்கு முன் மோட்டாரை மேலே தூக்கி வைத்துவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். எல்லாரும் சரி என்பார்கள். நவம்பரில் முழங்கால் தண்ணீருக்குள் மோட்டார் அதே இடத்தில் இருக்கும். யாரும் சண்டை போடவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. அந்த வேலைக்கு நேராக ஒருவர் பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

மயிலாப்பூர் பங்குனித் தேரில் வடத்தைப் பிடித்திருப்பவர்கள் எல்லாருமா இழுக்கிறார்கள்? மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913இல் எழுதினார்: ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது. சேர்ந்தாற்போல் ஒரே நேரத்தில் இழுக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே வேலைக்குழுவில் 5 பேர் போதும், மிஞ்சினால் 7. 5 பேருக்குள் 10 ஜோடிகள். 7 என்றால் 21. 12 என்றால் 66. யார் யாரிடம் என்ன சொன்னார் என்று 66 ஜோடிகளைத் துரத்த எந்தச் செயலாளராலும் ஆகாது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம், மூன்றும் கேள்வியாக இருக்கட்டும். 'மழைக்கால ஏற்பாடு' என்று எழுதினால் ஊர்க்கதைதான் வரும். 'மழைத் தண்ணீர் சம்ப்புக்குள் போகாமல் இருக்க எவ்வளவு வரை செலவு செய்யலாம்?' என்று கேட்டால் பதில் வரும். கேள்விக்கு 15 நிமிடம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் முன்னால் இருப்பவர் சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுவார்.

பேசும் வரிசைதான் பலரும் கோட்டைவிடும் இடம். பெரியவர், அதிலும் ரிட்டயர்ட் அதிகாரி, முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் 'சார் சொல்றது சரிதான்' என்று அடங்கிவிடுவார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் தண்ணீருக்கு அது தெரியாது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனையில், கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தைக்கூடப் பலர் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். அதனால் முதல் 3 நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதட்டும், ஒருவர் வாங்கிப் பெயர் சொல்லாமல் படிக்கட்டும். பிறகு சுற்று தொடங்கட்டும்: வயதில் சின்னவர் முதலில், தலைவர் கடைசியில்.

சுற்றில் கேட்க வேண்டியது: "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருக்கா?" எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசும், ஒருவர் மட்டும் அறிந்தது வெளியே வராமலே போகும் என்று ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் காட்டினார்கள். கேட்டில் எத்தனை மணல் மூட்டை அடுக்கலாம் என்று அரை மணி நேரம் வாதம் நடக்கும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் அம்மாவைக் கேட்டால், "தண்ணி கேட்டு வழியா வரலைங்க, பின்னாடி சேம்பர்லேர்ந்து எதுக்களிச்சு வருது" என்பார். அப்போது தேவை மூட்டை இல்லை, சாக்கடை லைனில் ஒரு என்.ஆர்.வி. வால்வு, அதாவது தண்ணீரை வெளியே விட்டு, திரும்பி வரவிடாத வால்வு. வாடகைக்காரர், வாட்ச்மேன், பிளம்பர் மூவரையும் முதல் பத்து நிமிடத்துக்காவது கூப்பிடுங்கள்.

மினிட்ஸ் நோட்டில் நான்கு கட்டம் போதும்: வேலை, பெயர், தேதி, முடிந்ததற்கு அடையாளம். பெயர் ஒன்றே ஒன்று. 'கமிட்டி பார்க்கும்' என்று எழுதினால் யாரும் பார்க்கப்போவதில்லை. 'மோட்டார் உயர்த்துதல் – பி 2 வீட்டுக்காரர் – அக்டோபர் 12 – தரையிலிருந்து 3 அடி மேலே இருக்கும் போட்டோ' என்று எழுத வேண்டும். உரியவர் "நான் செய்யறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்த விஷயம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் மோட்டார் நனையும்.

அன்று மாலையே அந்தப் பக்கத்தின் போட்டோ வாட்ஸ்அப்பில் போய்விட வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் இடம் வாட்ஸ்அப் அல்ல. அங்கே கட்டைவிரல் போடுபவர் பாதி நேரம் படித்திருக்கவே மாட்டார். மழை நாளுக்கு அந்த 5 பேருக்கு மட்டும் தனி குரூப். காலை வணக்கம், வாய்ஸ் நோட் எதுவும் அதில் கூடாது. சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913ஐ மேலே பின் செய்துவையுங்கள். செய்தி இப்படி இருக்கட்டும்: 'இரவு 2.10. பின் சேம்பர் வழியுது. மோட்டார் மெயின் ஆஃப் பண்ணியாச்சு. பி பிளாக் கார்களை எடுக்கணும், 2 பேர் வாங்க.' நேரம், என்ன நடக்கிறது, என்ன செய்தாயிற்று, என்ன வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் பத்து கேள்வி வரும்.

அடுத்த கூட்டம் பழைய பக்கத்தை உரக்கப் படிப்பதில் தொடங்கட்டும். வேலை முடியவில்லையா? "ஏன் செய்யலை?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "எது தடுத்தது?" என்று கேளுங்கள், வெல்டர் வரவில்லை, அட்வான்ஸுக்குப் பணம் கிடைக்கவில்லை என்று விஷயம் வெளியே வரும். தேதியை மாற்றி எழுதி, அட்வான்ஸைப் பொருளாளர் பெயரில் தனி வரியாகப் போடுங்கள்.