பைபர் படகில் ராடு ஹோல்டர்: விளிம்பில் ஸ்க்ரூ அடிக்காதீர்கள்

கோவளம், பழவேற்காடு பக்கம் படகெடுத்துத் தூண்டில் போடப் போகிற இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம். முக்கால்வாசிப் பேர் ஒரு மீனவரின் பைபர் படகை அரை நாளுக்குப் பேசி, அவரையே ஓட்டச் சொல்லிப் போகிறவர்கள். அந்தப் படகு வலைத்தொழிலுக்குச் செய்தது. ராடு, அதாவது தூண்டில் கம்பு, நிறுத்த அதில் இடம் கிடையாது. அதனால் ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய் வாங்கி ஹோல்டரைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஒழுங்காகச் செய்த குழாய் ஹோல்டர் கடலில் நன்றாகவே உழைக்கும்.

ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். குழாயைக் கோணலாக அறுப்பது, பிசிறைத் தேய்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. இரண்டு ஹோல்டர் செய்தால் கை தானாகவே கற்றுக்கொள்ளும். காசையும் படகையும் கெடுக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கனத்தை மட்டும் பார்த்துக் குழாய் வாங்குவது

வெள்ளை யுபிவிசி குழாயில் ஒன்றரை அங்குலம் கேட்டால் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இருக்கும். ஷெட்யூல் 40 குழாய் என்றால் (ஷெட்யூல் என்பது குழாய்ச் சுவரின் கனத்தைச் சொல்லும் எண்) உள்விட்டம் ஏறக்குறைய 41 மி.மீ. பெரும்பாலான ராடுகளின் அடிப்பிடி இதில் வசதியாக இறங்கும். ‘இன்னும் கெட்டியாக இருக்கட்டும்’ என்று ஷெட்யூல் 80 வாங்குகிறார்கள். வெளிவிட்டம் அதேதான்; சுவர் உள்பக்கமாகத் தடிக்கும், உள்விட்டம் 38 மி.மீ.க்கு இறங்கிவிடும். வீட்டில் வைத்துப் பார்க்கும்போது ராடு இறுக்கமாக, கச்சிதமாக நிற்கிற மாதிரிதான் தெரியும். கடலில் நுரைப்பிடி நனைந்து, மீன் ராடை வளைத்து இழுக்கும்போது அது வெளியே வராது. இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருப்பதற்குள் மீன் கழன்றுவிடும்.

கடைக்குப் போகும்போது ராடையும் எடுத்துப்போங்கள். அடிப்பிடியைக் குழாய்க்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் கையால் உருவிப் பாருங்கள். தங்குதடையில்லாமல் வர வேண்டும். மின் வயர் போடுகிற மெல்லிய குழாய் எந்த அளவிலும் வேண்டாம்.

ரீலுக்கான வெட்டு

தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கிற ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். அதன் கால் உட்காரக் குழாயின் வாயில் ஒரு வெட்டுப் போட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: ரீல் தொங்குகிற பக்கம்தான் நரம்பு இழுக்கிற பக்கம். அதாவது ராடு எந்தப் பக்கம் சாய்ந்து குழாயை அழுத்துகிறதோ, சரியாக அங்கேதான் குழாயைப் பிளந்து வைக்கிறோம். ஹாக்சா பிளேடால் சதுரமாக வெட்டிவிட்டால் அந்த உள்மூலையில் இருந்துதான் விரிசல் கிளம்பும்.

முதலில் வெட்டின் அடி வரவேண்டிய இடத்தில் 20 மி.மீ. வட்ட ஓட்டை போடுங்கள். அப்புறம் வாயிலிருந்து அந்த ஓட்டை வரை இரண்டு கோடு அறுத்தால் அடி வளைவாக நிற்கும், மூலையே இருக்காது. ஆழம் 5 செ.மீ. போதும். ஓரத்தை அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, விரலை ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு உறுத்தினால் ராடின் பிடியையும் அது தின்றுவிடும்.

விளிம்பில் ஸ்க்ரூ

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோவளத்தில் ஒரு பையன். ஆர்வமுள்ளவன், கைவேலையும் சுத்தம். வாடகைக்கு எடுத்த படகில் நாலு ஹோல்டர் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் குழாய்க் கிளாம்ப் இரண்டு, ஒன்றரை அங்குல ஸ்க்ரூ நாலு, நேராகப் படகின் விளிம்பில். கையால் ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. ராடு போய்விடக் கூடாது என்று பாதுகாப்புக் கயிறும் கட்டியிருந்தான். அந்தக் கயிற்றின் மறுமுனை இருந்தது ஹோல்டரில்.

ட்ரோலிங்கில், அதாவது ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப்போகும்போது, ஒரு வஞ்சிரம் அடித்தது. ரீலின் ட்ராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) முழுக்க இறுக்கி வைத்திருந்ததால் ரீல் நரம்பை விடவில்லை. ஸ்க்ரூ நாலும் பைபரைப் பிய்த்துக்கொண்டு வந்தன. ஹோல்டர், ராடு, ரீல், கயிறு எல்லாம் ஒன்றாகக் கடலுக்குள் போயின.

ஏன் பிய்ந்தது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. 30 பவுண்டு தாங்கும் நரம்புக்கு ட்ராக்கை அதன் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்தால் சுமார் 4.5 கிலோ, 5 என்றே வைத்துக்கொள்வோம். ராடு வளைந்த நிலையில், ஹோல்டரில் இருந்து நரம்பு இழுக்கிற இடம் 120 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேல் கிளாம்புக்கும் கீழ்க் கிளாம்புக்கும் இடையே 10 செ.மீ. 5-ஐ 120-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 60. ஒரு வளர்ந்த ஆள் அந்தக் கிளாம்பைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. நிதானமான இழுப்புக்கே இவ்வளவு. மீன் வெடுக்கென்று அடிக்கும்போதும், ட்ராக்கை முழுக்க இறுக்கியிருந்தாலும் பாரம் இதைவிடக் கூடும். பைபர் சில மில்லிமீட்டர் கனம்தான். அதில் ஸ்க்ரூவின் மரை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் பிடிக்காது.

ராடு போனது அவன் நஷ்டம். எனக்கு ஆறாதது அதற்கு அப்புறம் நடந்ததுதான். மற்ற மூன்று ஹோல்டரையும் கழற்றாமல் கரைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஸ்க்ரூக்களின் முனை விளிம்பின் உள்பக்கம் நகக்கண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் விடியலில் படகுக்கார அண்ணன் வலை வாங்கும்போது, அதாவது கடலிலிருந்து இழுத்து ஏற்றும்போது, நைலான் வலை அதில் மாட்டிக் கிழிந்தது. அந்த வாரம் நான் போனபோது கரையில் உட்கார்ந்து பொத்திக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னார்: “தம்பி, ராடு போனா நீங்க வேற வாங்கிக்குவீங்க. இந்த ஓட்டையை எல்லாம் யாரு அடைக்கிறது?”

நியாயமான கேள்வி. பல படகுகளில் விளிம்புக்குள் மரச்சட்டமோ பிளைவுட்டோ வைத்து, அதன்மேல் பைபர் போட்டிருப்பார்கள். ஸ்க்ரூ ஓட்டை வழியே உப்புத்தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கிற மரத்தை ஊறவைக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘தொப்’ என்று கேட்கும். அதைச் சரிசெய்ய மேல் பைபரை வெட்டியெடுத்து, உளுத்த மரத்தைச் சுரண்டி, காயவைத்து, புது மரம் வைத்து, பைபர் மேட்டும் ரெசினும் போட வேண்டும். அதுவரை படகு கரையில் கிடக்கும். நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவருக்கு அன்றாடப் பிழைப்பு.

ஆகவே, வாடகைப் படகில் ஓட்டையே போடாதீர்கள். இரண்டு பலகையை எல் வடிவில் போல்ட் போட்டுச் சேருங்கள். ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும். மூலையில் முக்கோணத் துண்டு கொடுத்தால் முறுக்காது. நீளம் விளிம்புக்கு விளிம்பு வந்தால் போதும். வெளியே நீட்டினால் பக்கத்துப் படகில் இடிக்கும். படுத்திருக்கும் பலகையின் அடியில், விளிம்புக்கு உள்பக்கமாக இரண்டு முனையிலும் கட்டை வைத்தால் அது நகராது. படகில் ஆள் உட்காரும் பலகையோடு சேர்த்துக் கயிற்றால் முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டுங்கள். நிமிர்ந்த பலகையில் ஒவ்வொரு குழாய்க்கும் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு யு-போல்ட். இடைவெளி இரு மடங்கானால் மேலே சொன்ன 60 கிலோ 30 ஆகிவிடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், படகில் ஒரு கீறல்கூட இருக்காது.

சொந்தப் படகு என்றால் ஸ்க்ரூவுக்குப் பதிலாக இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற 8 மி.மீ. போல்ட் போடுங்கள். பின்னால் கை எட்டுகிற இடமாகப் பார்த்துத்தான் ஹோல்டருக்கு இடமே தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே மரம் இருந்தால் முதலில் ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள். அப்போது தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. ஓட்டையின் வாயைக் கொஞ்சம் சரிவாகத் தேய்த்துவிட்டால் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு வெடிக்காது. பின்புறம் 6 மி.மீ. அலுமினியத் தகடோ, ரெசினில் ஊறவைத்த 12 மி.மீ. மரைன் பிளைவுட்டோ உள்ளங்கையைவிடப் பெரிய துண்டாகக் கொடுங்கள். பாரத்தைப் பரப்புவது அதுதான். வெறும் வாஷர் அந்த வேலையைச் செய்யாது. பாலியூரிதேன் சீலன்ட் தடவி முதல் நாள் லேசாக இறுக்குங்கள். மறுநாள் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பி முடியுங்கள். போல்ட்டைத் திருப்பினால் சீலன்ட் அறுந்துவிடும். போல்ட் நீளம் மிஞ்சினால் அறுத்து, முனையை மூடி நட்டுக்குள் (கேப் நட்) விடுங்கள். வலை என்னிக்கும் அங்கே உரசும்.

பாதுகாப்புக் கயிறு எதில் கட்ட வேண்டும் என்பது இந்நேரம் புரிந்திருக்கும். உட்காரும் பலகையில்.

சிலிக்கான்

ஓட்டையை அடைக்கச் சிலிக்கான் சீலன்ட் பூசாதீர்கள். ஒருமுறை பூசிய இடத்தில் அப்புறம் ரெசினோ பெயின்டோ பிடிக்காது.

எஸ்.எஸ். என்றதும் நம்பிவிடுவது

கடைக்காரர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று கொடுக்கிற நட்டு போல்ட் பெரும்பாலும் 202 ரகமாகவோ 304 ரகமாகவோ இருக்கும். உப்புக்காற்றுக்குத் தாங்குவது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. இந்த மூன்றுமே காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. போல்ட் தலையில் ஏ4 என்று அச்சடித்திருந்தால் அது 316 வகை. ஏ2 என்றால் 304 வகை. எதுவும் அச்சடிக்கவில்லையென்றால் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எஸ்.எஸ். போல்ட்டை அலுமினியத் தகட்டில் நேராக உட்காரவிடாதீர்கள். உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவே நைலான் வாஷர் கொடுங்கள். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ளது) இறுக்கும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, மெதுவாகக் கையால் திருப்புங்கள். ட்ரில்லில் மாட்டி வேகமாகச் சுற்றினால் எஸ்.எஸ். மரை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடியை மூடிவிடுவது

குழாயின் அடி மூடியில் 10 மி.மீ. ஓட்டை போடுங்கள். தண்ணீர் வடிய வேண்டும்.

ஓட்டுகிறவரைக் கேட்காமல் இடம் குறிப்பது

அமரத்தில் (படகின் பின்பகுதியில்) நிற்பவரின் கை எஞ்சினின் பிடியோடு இடமும் வலமும் வீசும். அந்த வீச்சுக்குள் ராடு நிற்கக் கூடாது. வலை வாங்குகிற பக்கம் எது என்பதும் படகுக்குப் படகு மாறும். ஹோல்டரோடு ஒரு தடவை படகில் ஏறி நின்று, “அண்ணே, இங்க இருந்தா இடிக்குமா?” என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓரத்து ராடுகள் வெளிப்பக்கமாகச் சாயட்டும், நடு ராடுகள் நிமிர்ந்து நிற்கட்டும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வு பெரும்பாலும் சரியாக வரும். படகு திரும்பும்போது நரம்புகள் சிக்காமல் இருக்க ராடு நுனிகள் விலகி நிற்பதுதான் முக்கியம்.

குழாயைத் தீயில் காட்டுவது

வாயை விரிக்க கேஸ் அடுப்பில் காட்டுகிறார்கள். பிவிசி கருகினால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். தொண்டையையும் கண்ணையும் எரித்துவிடும். சமையலறையில் அதைச் செய்யவே கூடாது. ஹீட் கன்னை மொட்டைமாடியில் வைத்து, தள்ளிப் பிடித்துக் குழாயைச் சுற்றிக்கொண்டே காட்டுங்கள். 80 பாகை செல்சியஸ் தாண்டும்போதே இளக ஆரம்பிக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியின் கழுத்தை உள்ளே அழுத்தி, ஈரத்துணியால் சுற்றிவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். பழுப்பு நிறம் தட்டினால் அந்தத் துண்டை நம்பாதீர்கள், வெட்டிப் போட்டுவிடுங்கள்.

பெயின்ட் அடிக்காமல் வெயிலில் விடுவது

வெயில் பிவிசியை வெளுக்க வைக்கும், நாளடைவில் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டை வெளிர் நிறத்தில் இரண்டு கோட் அடியுங்கள். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும்போது, ரீல் வெட்டின் அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள்.